ஏன் என்று கேட்ட சருகுமான்

ஒரு காட்டில் இரண்டு வருடமாக மழை இல்லை. ஓடைகளெல்லாம் வற்றி வெறும் மணலாகிவிட்டன. நடுக்காட்டில் இருந்த ஒரே ஒரு குளத்தில் மட்டும் தண்ணீர் மிஞ்சியிருந்தது.

அந்தக் காட்டுக்கு அரசன் ஒரு சிறுத்தை. அமைச்சர் ஒரு நரி. நரி குளத்தைச் சுற்றி ஓர் இடுக்குகூட விடாமல் முள்வேலி போட்டு, ஒரே ஒரு மூங்கில் கதவு வைத்தது. கதவுக்கு மேலே ஒரு யந்திரத்தைக் கட்டியது. விலங்குகளைக் கணக்கெடுக்க எப்போதோ வந்த மனிதர்கள் விட்டுவிட்டுப் போன யந்திரம் அது. அதற்கு ஒரு கண்ணாடிக் கண் இருந்தது. பார்ப்பதையெல்லாம் வைத்துத் தானாகவே கற்றுக்கொள்ளும் மூளையும் இருந்தது.

"அரசே, யார் நம்மவர், யார் அயலார் என்று இனி நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்" என்றது நரி. "அடிக்கடி கண்ணில் படுபவர் நம்மவர். அரிதாகத் தென்படுபவர் அயலார். இதை மட்டும் யந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்."

"களைப்படையாதா?"

"தூங்கக்கூடத் தூங்காது, அரசே!"

சிறுத்தைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

அந்தக் காட்டில் சிற்றடி என்றொரு சருகுமான் இருந்தது. முயலைவிடச் சற்றுப் பெரிய உடம்பு, குச்சி போன்ற கால்கள். சருகுமான்கள் பயந்த சுபாவம் உடையவை. சருகு அசைந்தாலே ஓடி ஒளிந்துகொள்ளும். சிற்றடி குட்டி ஈன்று எட்டு நாள்தான் ஆகியிருந்தது. தண்ணீர் இல்லாமல் அதன் மடி வற்றிக்கொண்டே வந்தது.

தாகம் பயத்தை வென்றது. சிற்றடி குளத்தங்கரைக்குப் போய் யந்திரத்தின் முன்னால் நின்றது.

"அயல்" என்றது யந்திரம். கதவு திறக்கவில்லை.

"நான் இந்தக் காட்டிலேயே பிறந்தவள். ஏன் என்னை அயல் என்கிறீர்கள்?" என்று கேட்டது சிற்றடி.

யந்திரம் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நரிதான் சொன்னது: "யந்திரம் சொன்னால் சொன்னதுதான். அதற்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது. போ, போ!"

சிற்றடிக்குக் கண் கலங்கியது. தன்னிடம்தான் ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டது. யாரிடமும் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

மலைச்சரிவுக்கு அப்பால் வேறொரு காடு. நடுவில் எல்லை வேலி. "அங்கே இருப்பவர்கள் கொடியவர்கள், நம்மைக் கண்டால் மிதித்தே கொன்றுவிடுவார்கள்" என்று நரி எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் பாலுக்கு ஏங்கும் குட்டியைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? மறுநாள் விடிந்ததும், குட்டியை ஒரு எறும்புதின்னியிடம் ஒப்படைத்துவிட்டு, சிற்றடி முள்வேலிக்கு அடியில் நுழைந்து எல்லையைக் கடந்தது.

அந்தக் காட்டிலும் ஒரு குளம் இருந்தது. அங்கேயும் வேலி, அங்கேயும் கதவு. கதவின் மேல் அதே போன்ற கண்ணாடிக் கண்!

சிற்றடி மெல்ல முன்னால் போய் நின்றது.

"நம்மவர்" என்றது யந்திரம். கதவு திறந்தது.

சிற்றடிக்குத் தன் காதுகளையே நம்ப முடியவில்லை. உள்ளே பார்த்தால், சருகுமான்கள் கூட்டம் கூட்டமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. சிற்றடியும் வயிறு முட்டக் குடித்தது. திரும்பும்போதுதான் வேலிக்கு வெளியே ஒரு பெரிய உருவம் படுத்திருப்பதைக் கண்டது. ஒரு பெண் யானை. விலா எலும்புகள் தெரிந்தன.

"அக்கா, நீங்கள் ஏன் உள்ளே வரவில்லை?"

"என்னைப் பார்த்து அயல் என்கிறது, தங்கையே" என்றது யானை. அதன் பெயர் தும்பி. "இந்தக் காட்டில் யானைகள் நாங்கள் ஏழு பேர்தான். ஏழு பேரும் இங்கேயே பிறந்தவர்கள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை."

"இவ்வளவு பெரிய உங்களையுமா?"

"நீ எங்கிருந்து வருகிறாய்?"

சிற்றடி நடந்ததையெல்லாம் சொன்னது. தும்பி துதிக்கையை நீட்டி அதன் முதுகைத் தடவியது. பிறகு, "நான் என்ன பிழை செய்தேன் என்று இத்தனை நாளாக யோசித்து யோசித்து, கதவைத் தொடவும் கூசி மெலிந்துபோனேன்" என்றது மெதுவாக.

"நானும்தான், அக்கா."

சிற்றடி அப்படியே இருந்திருக்கலாம். குட்டியைக் கொண்டுவந்து அந்தக் குளத்தங்கரையிலேயே வாழ்ந்திருக்கலாம். ஆனால் தும்பியின் விலா எலும்புகளைப் பார்த்த பிறகு அதற்கு மனம் வரவில்லை. அங்கிருந்த சருகுமான்களிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, தன் காட்டுக்கு வந்து தன்னோடு சேர்ந்து காரணம் கேட்க அழைத்தது.

"எங்களுக்குத்தான் கதவு திறக்கிறதே. நாங்கள் ஏன் எல்லை தாண்டி வந்து மாட்டிக்கொள்ள வேண்டும்?" என்றது ஒரு கிழட்டுச் சருகுமான்.

"உங்களுக்கு ஏன் திறக்கிறது என்று தெரியுமா, தாத்தா?"

"தெரியாது."

"எனக்கு ஏன் மூடியது என்றும் தெரியாது. நாளைக்கு உங்களுக்கு மூடினால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?"

கிழட்டுச் சருகுமான் குளத்தைப் பார்த்தது. தும்பியைப் பார்த்தது. பிறகு கரையேறி முன்னால் நடந்தது.

தும்பியும் மற்ற ஆறு யானைகளும் எல்லை வேலியைத் தும்பிக்கையால் சுருட்டி அப்பால் எறிந்தன. அந்த இடைவெளி வழியாகச் சருகுமான்கள் வந்தன. ஒன்றல்ல, பத்தல்ல, நூற்றுக்கணக்கில்! ஒளிந்து வாழ்வதே பிழைப்பாகக் கொண்ட உயிர்கள், உச்சி வெயிலில், வெட்டவெளியில், தலை நிமிர்ந்து நடந்தன. சின்னக் குளம்புகளின் சத்தம் தூறல் விழுவதுபோலக் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டு, சிற்றடியின் காட்டிலும் சருகுகள் அசைந்தன. புதருக்குப் புதர், வேருக்கு வேர், சருகுமான்கள் எழுந்து வந்தன. தன் காட்டில் தன் இனத்தார் இத்தனை பேர் இருப்பது சிற்றடிக்கே தெரியாது. அதன் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

எல்லாரும் குளத்தங்கரைக்கு வந்து வரிசையில் நின்றார்கள்.

"அயல்" என்றது யந்திரம்.

"ஏன்?" என்று கேட்டது முதல் சருகுமான். பதில் வராததால் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடியும் நின்றது.

"அயல்."

"ஏன்?" என்றது அடுத்தது.

நரி சிரித்தது. "கேட்கட்டும், கேட்கட்டும்! யந்திரத்துக்குக் களைப்பு ஏது?"

யந்திரத்துக்குக் களைப்பு இல்லைதான். ஆனால் அது பார்த்துக்கொண்டே இருந்தது. பார்த்ததையெல்லாம் கற்றுக்கொண்டே இருந்தது. வெயில் சாயத் தொடங்கிய வேளையில் சிற்றடியின் முறை வந்தது.

"நம்மவர்" என்றது யந்திரம். கதவு திறந்தது.

சிற்றடி திகைத்து நின்றது. நேற்றைக்கும் இன்றைக்கும் தன்னிடம் ஒரு மயிரிழைகூட மாறவில்லையே!

அப்போது சிறுத்தை தண்ணீர் குடிக்க வந்தது. வழக்கம்போல யாரையும் பாராமல் கதவை நோக்கி நடந்தது. சிற்றடி பயந்துபோய்க் குளத்துப் பக்கம் துள்ளியது.

யந்திரத்தின் கண் சிறுத்தையை மேலும் கீழும் பார்த்தது. அத்தனை நூறு சருகுமான்களுக்கு நடுவே ஒரே ஒரு சிறுத்தை.

"அயல்."

சிறுத்தையின் மூக்குக்கு நேராகக் கதவு மூடிக்கொண்டது.

"நான் அரசன்!" என்று கர்ஜித்தது சிறுத்தை.

"அயல்."

"ஏன்?"

மதியத்திலிருந்து நூறு வாய்கள் கேட்ட அதே சொல். சிறுத்தை நரியைப் பார்த்தது. "யந்திரம் சொன்னால்..." என்று தொடங்கிய நரி, புதருக்குள் பின்வாங்கியது.

"கிடக்கட்டும்! அரசனுக்கும் தெரியட்டும் தாகம்!" என்று கூட்டத்தில் சிலர் கத்தினார்கள்.

வேலிக்கு உள்ளே தண்ணீர். வெளியே அரசன். நடுவில் சிற்றடி. அது கதவை ஒட்டி நின்றது. குரல் தெளிவாக வந்தது.

"வேண்டாம். தாகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அக்கா, இந்தக் கதவை எடுத்துவிடுங்கள்."

தும்பி கதவைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்தது. கதவு, கம்பம், யந்திரம் எல்லாம் சேர்ந்து சாய்ந்தன. யானைகளும் சருகுமான்களும், அதுவரை ஒதுங்கி நின்ற முள்ளம்பன்றிகளும் குளத்தில் இறங்கின. கடைசியில், தலையைத் தாழ்த்திக்கொண்டு சிறுத்தையும் இறங்கியது. சிற்றடி ஒதுங்கி அதற்கு இடம் விட்டது; பிறகு ஓடிப்போய்க் குட்டிக்குப் பால் கொடுத்துத் திரும்பியது.

பொழுது சாய்வதற்குள் இரு காட்டாரும் சேர்ந்து நடந்தார்கள். இந்த முறை சிறுத்தையும் உடன் போனது. அடுத்த காட்டுக் குளத்துக் கதவும் விழுந்தது.

நீதி: காரணம் சொல்லாமல் ஒருவருக்கு அடைக்கப்படும் கதவு எவருக்கும் அடைக்கப்படலாம், அதைத் திறக்க எல்லை கடந்தும் துணை நிற்க வேண்டும்.