இழுவைப் பலகை

"இன்னும் கொஞ்சம் பலமா இழுத்தா நிமிர்ந்திடுவாம்மா. உருளையைச் சுத்த ரெண்டு ஆள் மட்டும் குடுங்க."

வைத்தியர் உலகம்மை அம்மியில் மூலிகை அரைத்துக்கொண்டிருந்தார். எதிரில் நின்று இப்படிக் கேட்ட மாடசாமி ஒரு தச்சர். நடுவயது கடந்தபின் சீடராக வந்து சேர்ந்தவர். குருவுக்கு அவரைவிட வயது குறைவு.

அவர் வந்தது மனைவி சிவனணைந்தாளுக்காக.

அவள் மலையில் விறகுச் சுமையோடு சறுக்கி விழுந்தாள். ஒடிந்த எலும்பு கூடியது. முதுகு கூனிப்போனது. அன்றிலிருந்து அவள் பார்வை தரையோடு சரி.

முன்பெல்லாம் சந்தைக்குப் போகும்போது அவள்தான் முன்னால் நடப்பாள். நடுவழியில் நின்று, கழுத்தைத் திருப்பி, "வாறீகளா இல்லையா?" என்பாள்.

அந்தத் திரும்பலை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் மாடசாமி வைத்தியமே படித்தார்.

வைத்தியசாலையின் பின்கட்டில் பழைய இழுவைக் கருவிகள் கிடந்தன. சுவரோரம் ஒரு நீண்ட ஏணி. கூனினவரை அதில் கட்டி, உயரத் தூக்கி, சட்டென்று கீழே விடுவார்களாம். அதற்கடுத்த காலத்தில் வந்தது இரு முனையிலும் உருளை வைத்த பலகை. அக்குளில் ஒரு வார், இடுப்பில் ஒரு வார் கட்டி, உருளைகளை எதிரெதிராகச் சுற்றுவார்கள். கப்பியில் கல் தொங்கவிட்டு இழுக்கும் கட்டிலும் இருந்தது.

அவற்றைப் பார்த்து மாடசாமி வீட்டில் ஒவ்வொன்றாகச் செய்துவிட்டார். ஏணியை மட்டும் செய்ய மனம் வரவில்லை.

உலகம்மை கையைக் கழுவிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார். மாடசாமி பின்னாலேயே போனார்.

"இந்த ஏணியைச் செஞ்சவர் யாருக்காகச் செஞ்சார், தெரியுமா?"

"தெரியாதும்மா."

"மகனுக்காக. இந்தப் பலகையைச் செஞ்சவர் தங்கச்சிக்காக."

மாடசாமி பலகையைத் தடவிப் பார்த்தார். தச்சன் கைக்குத் தெரிந்தது, எவ்வளவு பொறுமையாக இழைத்திருக்கிறார்கள் என்று.

"நிமிர்ந்தாங்களா?"

"வலி குறைஞ்சதுன்னு சொல்வாங்க. நிமிர்ந்ததா யாரும் சொல்லக் கேட்டதில்லை."

"நான் செய்யறது நிமிர்த்தும்."

"சரி, ஆள் தாறேன். முதல்ல நீர் இதுல படுத்துப் பாரும்."

மாடசாமி குப்புறப் படுத்தார். உலகம்மை வாரைக் கட்டி உருளையைச் சுற்றினார். முதலில் முதுகுக்கு இதமாக இருந்தது. பிறகு மூச்சு முட்டியது. பிறகு கண் இருட்டியது.

"போதும்! போதும்மா!"

உலகம்மை உடனே வாரைத் தளர்த்தினார்.

"வீட்ல அவங்க எப்போ போதும்னு சொல்வாங்க?"

மாடசாமி எழுந்து உட்கார்ந்தார்.

"சொன்னதே இல்ல."

உலகம்மை அம்மிக்குத் திரும்பிவிட்டார்.

மாடசாமி வீட்டுக்குப் போனபோது சிவனணைந்தாள் பலகையில் குப்புறப் படுத்து, இடுப்பு வாரைத் தானே மாட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் உருளைப் பக்கம் போகவில்லை. அருகில் நின்றார்.

"என்ன, சுத்தலையா?"

"ரொம்ப வலிக்குமா?"

"கேக்குற கேள்வியப் பாரு."

"ஒருநாளாவது போதும்னு சொல்லியிருக்கலாமே."

பலகையில் முகம் பதித்தபடியே அவள் சொன்னாள்.

"சுத்துறப்ப நீங்க பேசிட்டே இருப்பீக. இன்னும் கொஞ்சந்தான், அடுத்த சந்தைக்குப் போயிரலாம்னு. அப்போ உங்க குரல்ல ஒரு சந்தோசம் இருக்கும். நான் போதும்னுட்டா, அப்புறம் உங்களுக்கு என்ன இருக்கு?"

மாடசாமி வாரை அவிழ்த்தார். அவளைத் தூக்கிப் பலகையின் விளிம்பில் உட்காரவைத்தார். உட்கார்ந்ததும் அவள் தலை வழக்கம்போல் கவிழ்ந்துகொண்டது.

அவர் மேல்துண்டைத் தரையில் விரித்தார். அவள் பார்வை விழும் இடத்தில் மல்லாந்து படுத்தார்.

அவள் அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதென்ன," என்றாள். "எப்போ இவ்வளவு நரைச்சுது உங்களுக்கு?"