செவலையின் இடது கண்

மாசிலாமணி முப்பது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் அடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தார். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். மடத்தில் அவர்கள் இருவரும், செவலை என்றொரு பசுவும்தான்.

ஒருநாள் செவலை கட்டவிழ்த்துக்கொண்டு போய், மாசிலாமணி ஆசையாகப் போட்டிருந்த அவரைப் பந்தலை மேய்ந்துவிட்டது. வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே அவர் கம்பை வீசினார். அது செவலையின் இடது கண்ணில் பட்டது.

மாட்டு டாக்டர் நசீமா வந்து பார்த்தார்.

"பார்வை திரும்பாது. கண்ணையாவது காப்பாத்தலாம். தினம் மூணு வேளை சொட்டு மருந்து விடுங்க. மருந்து போகலைன்னா சீழ் பிடிச்சிடும். அப்புறம் கண்ணையே எடுக்கணும்."

அன்று மாலை மாசிலாமணி குருவின் முன் வந்து நின்றார்.

"கைக்கு முன்னாடி என் வாய்தான் சாமி கெட்டுப்போச்சு. நாப்பத்தெட்டு நாள் மௌன விரதம் இருக்கப்போறேன்."

"செவலைக்கு மருந்து?"

"அதுவும் என் கையாலதான் விடுவேன்."

குரு தலையசைத்தார்.

மறுநாளிலிருந்து மாசிலாமணி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் தொழுவத்துக்குள் போவார். கை பட்டதுமே செவலை துள்ளும், உதைக்கும். மருந்து தரையில் சிந்தும். மூன்று வேளையும் இதே கதைதான். உதை வாங்கிய முழங்கால் வீங்கியது. அதையும் தண்டனையென்றே எடுத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் டாக்டர் மறுபடி வந்தார். தொழுவத்து வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

"செவலை, நான் வந்துட்டேன்மா. இதோ, பக்கத்துல வந்துட்டேன். இப்ப தொடப்போறேன்."

செவலை காதை அவர் பக்கம் திருப்பி நின்றது. ஊசி போட்டபோதும் அசையவில்லை.

கண்ணைப் பார்த்த டாக்டரின் முகம் வாடியது.

"மருந்து உள்ளே போகவே இல்லையே. நாளைக்குக் கண்ணை எடுத்துடலாம்."

அவர் போனபின் மாசிலாமணி சிலேட்டில் எழுதி நீட்டினார். 'ஊசி குத்துகிறவருக்கு நிற்கிறது. மன்னிப்புக் கேட்டு வருகிற எனக்கு ஏன் நிற்கவில்லை?'

குரு அதைப் படித்துவிட்டுக் கேட்டார்.

"மலைப்பாதையில, எதிர்ல வர்றது தெரியாத வளைவுல, ஹாரன் அடிக்காம எப்பவாவது திரும்பியிருக்கீங்களா?"

மாசிலாமணி இல்லையென்று தலையாட்டினார். ஆட்டிய தலை பாதியில் நின்றது.

"அந்தப் பக்கம் அதுக்குக் கண்ணு தெரியாது. நீங்க வர்றதை உங்க குரல்தான் சொல்லியிருக்கணும்."

தொழுவத்தில் செவலை வலியில் முனகியது. மாசிலாமணியின் கண்கள் நிறைந்தன. எட்டு நாள் பேசாத தொண்டை கரகரத்தது.

"இது தெரிஞ்சும் ஏன் சாமி என்னைத் தடுக்கலை?"

"டாக்டர் பேசினதைக் கேட்டப்பதான் எனக்கும் உறைச்சுது."

குரு சிலேட்டைக் கீழே வைத்தார்.

"விரதம்னு நீங்க சொன்னதும் எனக்கு உங்களை நினைச்சுப் பெருமையா இருந்துச்சு. மாட்டை மறந்துட்டேன்."