ஐந்தாவது டிஸ்க்

“பதினோரு வருஷமா இதைக் காவல் காத்தேன், மேடம். வீணாப் போச்சு,” என்றார் இருதயராஜ்.

செத்துப்போன ஹார்டு டிஸ்க்கை மேசைமேல் வைத்தார். உயிரோடிருந்த நான்கையும் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் அடுக்கினார்.

ஃபரீதா, அழிந்த ஃபைல்களை மீட்டுக் கொடுப்பவள். திருச்சியில், குறுகலான ஒரு படிக்கட்டு ஏறினால் அவள் கடை. ரயில்வேயில் ஓய்வு பெற்ற இருதயராஜுக்கு வீட்டிலேயே படம், வீடியோவெல்லாம் சேமித்து வைக்கும் கம்ப்யூட்டர் சர்வர் அமைக்கக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். குருவைவிட சிஷ்யருக்கு இருபத்தாறு வயது கூடுதல். அதில் இருவருக்கும் கூச்சமில்லை.

ஐந்து டிஸ்க்கையும் சேர்த்து ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்டும் சாஃப்ட்வேரை அவர் போட்டிருந்தார். வெளியே பார்த்தால் ஒன்று. உள்ளே ஒவ்வொரு ஃபைலும் ஏதோ ஒரு டிஸ்க்கில் முழுசாகக் குடியிருக்கும்.

ஃபரீதா நான்கையும் ஒவ்வொன்றாக லேப்டாப்பில் செருகிப் பார்த்தாள்.

“இதுல இருக்கறதெல்லாம் பத்திரம், சார். செத்ததுல என்ன இருந்துச்சு?”

“ஜெனிட்டா நடந்தது.”

மகள் ஜெனிட்டா பத்து மாதத்தில் முதன்முதலாக நடந்த வீடியோ. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ‘கல்யாணத்தன்னைக்குப் பார்த்துக்கலாம்’ என்று காட்டாமலே வைத்திருந்தார். மனிதர் பத்திரப்படுத்துவதில் கெட்டி. வருகிற சனிக்கிழமை கல்யாணம். எடுத்த கேசட் எப்போதோ பூஞ்சை பிடித்துப் போயிருந்தது.

ஃபரீதா டிஸ்க்கை உள்ளறைக்கு எடுத்துப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து வந்தாள்.

“உள்ள தட்டே கீறிப் போயிருக்கு. வராது, சார்.”

அவருக்கு அழக்கூடத் தெம்பில்லை.

“ரெண்டு காப்பி வைக்கிற வசதி அந்த சாஃப்ட்வேர்லயே இருக்கே. எந்த ஃபோல்டருக்கு வச்சீங்க?”

“சினிமாப் படங்களுக்கு. மறுபடி டவுன்லோடு பண்ண ரெண்டு மாசம் ஆகும்.”

“இதுக்கு?”

“இது எங்க போயிடப் போகுதுன்னு விட்டுட்டேன்.”

ஃபரீதா நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள்.

“வீடியோ யாரு எடுத்தது?”

“நான்தான்.”

“பாப்பா யாரைப் பார்த்து நடந்துச்சு?”

“என்னைப் பார்த்துத்தான். ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“முழுசா படத்துல விழணுமே. அது கிட்ட வர வர, நான் ஒவ்வொரு அடியா பின்னால போனேன்.”

“அப்புறம்?”

“விழுந்துருச்சு.”

“தூக்கினீங்களா?”

“கேமராவ நிறுத்திட்டுத் தூக்கினேன்.”



கீழே ஸ்கூட்டர் வந்து நின்றது.

“அப்பா! கிடைச்சிருச்சா?”

கேட்டுக்கொண்டே ஜெனிட்டா படியேறி வந்தாள். இருதயராஜ் எழுந்தார். எந்த முகத்தோடு சொல்வது? அவள் வாசலில் தெரிந்ததும் ஓர் அடி பின்னால் போனார்.

ஜெனிட்டா அவர் முகத்தைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு, “அப்பா, என்னப்பா?” என்று கை நீட்டிக்கொண்டு அருகில் வந்தாள்.

அவர் இன்னோர் அடி பின்னால் வைத்தார். கால் எதிலோ இடித்தது. அவர் எழுந்ததுமே ஃபரீதா நாற்காலியை நகர்த்தி, அவருக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தாள்.

“பின்னால இடமில்ல, சார்,” என்றாள்.