மூத்த பெட்டியின் கோணல்

ஒரு செயற்கைக்கோளுக்குள் நான்கு பெட்டிகள் கூட்டுக்குடித்தனம் நடத்திவந்தன. நடுவில் ஓர் உலோகத் தட்டு, அதன் நான்கு பக்கமும் இவை. வானத்திலிருந்து வரும் எக்ஸ் கதிர் தட்டில் மோதிப் பக்கவாட்டில் தெறிக்கும். விழுந்ததை அந்தந்தப் பெட்டி எண்ணிக்கொள்ளும். கதிர் எந்தத் திசையில் அதிர்ந்துகொண்டு வந்ததோ, அதைப் பொறுத்துச் சில பக்கங்களில் கூடுதலாகத் தெறிக்கும். அந்தத் திசையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

அன்று அவை பார்த்தது ஒரு நியூட்ரான் நட்சத்திரத்தை. ஊரளவே உருவம், சூரியனை மிஞ்சிய கனம். பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுத்து விழுங்கி, அந்தச் சூட்டில் கதிர்களை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

மூத்த பெட்டிக்குக் கணக்கு மற்றவற்றைவிட அதிகமாக வந்தது. அதற்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களாடா? எல்லாம் என் பக்கம்தான் வருது. நட்சத்திரத்தோட கதிரெல்லாம் ஒரே சாய்வா அதிருது. பூமிக்குச் சொல்லிடுவோம்."

தம்பிகளுக்கு அண்ணன் சொன்னால் சொன்னதுதான்.

அப்போது தட்டில் மோதித் தெறித்த ஒரு கதிர் வாய் திறந்தது. "அண்ணே, கொஞ்சம் பொறுங்க. எப்படி அதிர்ந்தேங்கிறதுதான் நான் கொண்டுவந்த ஒரே சேதி. ஆயிரக்கணக்கான வருஷமா அதைச் சிதறவிடாம கொண்டுவந்திருக்கேன். உங்களுக்குள்ள விழுந்தா நான் முடிஞ்சேன். நீங்க தப்பாச் சொன்னா, திரும்பி வந்து திருத்த எனக்கு உயிர் இருக்காது."

சொல்லிவிட்டு மூத்த பெட்டிக்குள் விழுந்து மறைந்தது.

மூத்த பெட்டிக்கு மனசு கேட்கவில்லை. கடைசித் தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டது: "அண்ணே, நீங்க நின்ன இடத்துல நான் நின்னு பாக்கட்டுமா?"

"நின்னு பாரு" என்றது மூத்தது. செயற்கைக்கோளிடம், "எங்களை மெதுவாச் சுத்து" என்றும் கேட்டுக்கொண்டது.

சுற்றியது. மூத்தது எந்தத் திசைக்குப் போனாலும் அந்தக் கூடுதலும் கூடவே போனது. அது நட்சத்திரத்துடையது என்றால் வானத்தில் ஒரே திசையில் அல்லவா நிற்க வேண்டும்? மூத்த பெட்டிக்கு விளங்கிவிட்டது: தான்தான் கூட்டி எண்ணுகிறது. மறைத்திருக்கலாம், கேட்க யாரும் இல்லை. அது மறைக்கவில்லை. பெரிய மனம் என்றால் அதுதான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் நட்சத்திரம் கோணல்னுட்டேன். என் கோணலைக் கழிச்சிட்டு எண்ணுங்கடா."

கழித்தன. கூடுதலில் முக்கால்வாசி காணாமல் போனது. மிச்சம் துளியூண்டு. ஆனால் அந்தத் துளி அசையவில்லை. வானத்தின் எதிரெதிரான இரண்டு பக்கங்களில், கடைசித் தம்பி வந்து நின்றாலும் சரி, மூத்தது நின்றாலும் சரி, அதே கொஞ்சம் கூடுதலாக விழுந்தது.

"இவ்வளவுதானா?" என்றது கடைசித் தம்பி, ஏமாற்றத்தோடு.

தட்டில் மோதித் தெறித்த இன்னொரு கதிர், மூத்த பெட்டியின் வாசலில் ஒரு கணம் நின்று சொன்னது:

"இவ்வளவுதான். ஆனா இது பூராவும் எங்களோடது."

பிறகு நிம்மதியாக உள்ளே விழுந்தது.