பிணவறைக் கதவில் ஒரு பெயர்ப்பலகை

தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் பிணவறை ஏசி, இழுத்து இழுத்து மூச்சு விடும் ஆளைப் போல முனகிக்கொண்டிருந்தது. உள்ளே வெள்ளைத்துணி போர்த்திய மூன்று பேர். ஏசியின் குளிரூட்டும் அலுமினியக் காயிலில் அழுக்கும் கடல் உப்பும் அடைத்துக் குளிர் குறைந்ததால், வாடை வரத் தொடங்கியிருந்தது.

அதைக் கழுவ வந்த மெக்கானிக் மரியபுஷ்பத்திடம், நிர்வாகி தாண்டவமூர்த்தி ஒரு ஆசிட் கேனை நீட்டினார். "நானே பார்த்து வாங்கினது. இதுலதான் கழுவணும். காயில் ஓட்டையானா நீதான் பொறுப்பு. முடியாதுன்னா நாளையிலேர்ந்து வராதே."

ஆசிட் அலுமினியத்தைத் தின்றுவிடும் என்றால் கேட்கிற ஆளா அவர்? பிணவறைக் கதவில்கூடத் தன் பெயரை அலுமினியப் பலகையில் எழுதி மாட்டியிருந்தவர்.

"சரிங்க சார். உங்க பேர்ப்பலகை மங்கிக் கெடக்கே, முதல்ல அதைப் பளபளன்னு ஆக்கிரட்டுமா?"

அவர் முகம் மலர்ந்தது. "செய், செய்!"

மரியபுஷ்பம் கையுறையும் முகமூடியும் மாட்டி, பலகையைக் கழற்றி வாசலில் வைத்து ஆசிட்டை ஊற்றினாள். பலகை சீறியது. புகை எழும்ப, கறுப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக நெளிந்து நுரையோடு வழிந்தன. உள்ளே ஏசியின் முனகல், மூச்சை அடக்கியது போலச் சட்டென்று நின்றது.

"என் பேரு எங்கே?" அவர் பலகையைக் குனிந்து பார்த்தார்.

"காயிலும் இதே அலுமினியந்தான் சார். அதைத் தின்னாத சோப்புக் கரைசல் என் பையில இருக்கு. எடுக்கட்டுமா?"

அவர் தலையாட்டிவிட்டு, திறந்திருந்த கதவு வழியே உள்ளே பார்த்தார். படுத்திருந்த மூன்று பேரின் கால்விரலிலும் பெயர்ச்சீட்டு தொங்கியது.

அந்த இடத்தில் பெயரில்லாமல் நின்றது அவர் ஒருவர்தான்.