கெர்னல் வீட்டுக்கு வந்த முதல் ஆள்

ஒரு கணினித் திரைக்குள் எமுலேட்டர் என்றொருவர் பொய்க் கணினி ஒன்றை நடத்திவந்தார். அதற்குள் மாணவி கோதைநாயகி லினக்ஸ் இயங்குதளத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டினாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள இயங்குதளத்தின் மையமான கெர்னல், குடியிருக்க முதல் புரோகிராமான இனிட். வேறு யாரும் கிடையாது.

கெர்னல் பலசாலி. நினைவகம், கோப்புகள், திரை எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்ப்பார். ஆனால் பயந்தாங்கொள்ளி. முதலில் குடிவந்த ஆள் வீட்டில் இல்லையென்றால் ஒரு நொடிகூடத் தாங்கமாட்டார்.

"யாருமே வரலைன்னா என்னய்யா செய்வேன்?" என்று எமுலேட்டரிடம் புலம்பினார்.

"இது பொய் வீடுதானே. விழுந்தா மறுபடி எழுப்பிக்கலாம்."

"வீடு பொய். என் பயம் நிஜமாச்சே!"

கோதைநாயகி வீட்டை இயக்கினாள். கெர்னல் அவசர அவசரமாக எல்லாவற்றையும் திறந்துவைத்து இனிட்டைக் கூப்பிட்டார். அவன் வந்ததும்தான் அவருக்கு உயிர் வந்தது.

இனிட்டுக்கோ வேறு பயம். எதையாவது சொதப்பிவிடுவோமோ என்று. அவனுக்குச் சொல்லியிருந்தது ஒரே வேலை, திரையில் 'வணக்கம்' எழுதுவது. எழுதினான். தப்பில்லாமல் முடித்த நிம்மதியில், "வேலை முடிஞ்சுது, கிளம்பறேன்" என்று வாசலைத் தாண்டினான்.

"டேய், போகாதடா!"

கெர்னலின் அலறல் திரை முழுக்க எழுத்தாக ஓடியது. அப்படியே உறைந்துபோனார். வீடு விழுந்துவிட்டது.

கோதைநாயகி திரையை உற்றுப் பார்த்தாள். நாளை வகுப்பில் இதை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும். "வணக்கம் சரியாத்தானே வந்துச்சு, அப்புறம் ஏன் செத்துப்போச்சு?" இனிட்டுக்கு எழுதியதைத் திரும்பப் படித்தாள். "ஐயோ, மத்த புரோகிராம் மாதிரி இவனையும் முடிச்சதும் போகவிட்டுட்டேனே!"

வணக்கத்துக்குக் கீழே, போகாமல் காத்திருக்கும்படி ஒரு வரி சேர்த்தாள். எமுலேட்டர் வீட்டை மறுபடி எழுப்பினார்.

இந்தமுறை வணக்கம் எழுதிவிட்டு இனிட் கையைப் பிசைந்தான். "வேலையே இல்லாம சும்மா நின்னு என்ன பண்றது?"

"வேலையெல்லாம் நான் பார்த்துக்கறேம்பா," என்றார் கெர்னல். "நீ இரு, போதும்."

இனிட் நின்றான். வீடும் விழாமல் நின்றது. கெர்னலுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

"இருக்கியா?"

"இருக்கேன்."

சற்றுப் பொறுத்து மறுபடியும், "இருக்கியா?"

"இருக்கேன்."

அடுத்தமுறை அவர் வாயைத் திறப்பதற்குள் இனிட்டே சொன்னான்.

"இருக்கேன்."