காவலில் போன குளம்

காட்டோரத்தில் ஒரு குளம் இருந்தது. அதன் கிழக்குக் கரைப் பக்கம் எருமைகள் வாழ்ந்தன. அவற்றின் தலைவி கருப்பாயி. மேற்குக் கரையில் எலிகள் வளை தோண்டிக் குடியிருந்தன. அவற்றின் தலைவன் வரப்பன். எருமைகள் கொஞ்சம்தான். எலிகளையோ எண்ணி மாளாது.

அந்தக் கோடையில் தண்ணீர் மளமளவென்று குறைந்தது. குளத்தில் ஒரு தாய் விரால், பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுகளோடு திரிந்துகொண்டிருந்தது. அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

"அக்கா! அண்ணே! மழை வர்ற வரைக்கும் இந்தத் தண்ணியக் காப்பாத்திக் குடுங்க. சேத்துல கிடந்து பிழைக்க என் பிள்ளைங்களுக்குத் தெரியாது!" என்று தலையை நீட்டிக் கெஞ்சியது விரால்.

இரு பக்கமும் கூட்டம் போட்டன.

"இந்த எலிங்க பெத்துத் தள்ளுதுங்க! பிள்ளைக்கு ஒரு வளை! கரை முழுக்க ஓட்டை. தண்ணி கசியாம என்ன செய்யும்?" என்றது கருப்பாயி.

வரப்பனுக்கு மீசை துடித்தது. "எங்க கூட்டமே ஒரு வருஷம் குடிக்கிற தண்ணிய நீங்க ஒரே முழுக்குல வாரி இறைச்சிட்டுப் போறீங்க! இத்தனை நாள் முழுகிட்டு, இப்ப எங்க பிள்ளைங்களை எண்ண வந்துட்டீங்களா?"

இரண்டுமே உண்மை. அதனால்தான் சண்டை ஓயவில்லை.

"நீ முதல்ல வளையை அடை!"

"நீங்க முதல்ல முழுக்கைக் குறைங்க!"

தொண்டை வறண்ட பிறகு ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டது. இரு பக்கமும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். எருமைகள் முழுகுவதைப் பாதியாகக் குறைக்கும். எலிகள் வளைகளில் பாதியை அடைக்கும். ஆனால் அடுத்தவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை. ஆகவே இரு பக்கமும் காவல் போட்டன.

எருமைகள் மேற்குக் கரைமேல் ஏறி நின்று வளைகளைக் கண்காணித்தன. அந்தக் கனத்தில் கரை நாளுக்கு நாள் அமுங்கியது. எருமைக் குளம்புக்குப் பயந்த எலிகளோ, ஒளிந்திருந்து வேவு பார்க்கக் கிழக்குக் கரையில் புதுத் துளைகள் போட்டன!

முழுக்குக் குறைந்தது. பழைய வளைகளும் அடைபட்டன. ஒருவரும் பேச்சு மாறவில்லை.

விரால் பதறியது. "ஒருத்தரை ஒருத்தர் பாத்தது போதும்! கரையைப் பாருங்க!"

"அதைச் சொல்ல நீ யாரு? ஒப்பந்தத்துல உன் பேரே இல்லையே!" என்று இரண்டும் சேர்ந்து அதட்டின. அவை ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஒருநாள் காலையில் மழை பிடித்தது. நல்ல மழை! குளம் நிறைந்தது. எருமைகள் தலையாட்டின. எலிகள் குதித்தன. விரால் குஞ்சுகளோடு சுற்றிச் சுற்றி வந்தது.

சற்று நேரத்தில் கிழக்கே வேவுத் துளைகளில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. மேற்கே அமுங்கிய கரையும் உடைந்தது. மதியத்துக்குள் குளத்தில் சேறுதான் மிச்சம்.

வெள்ளம் விராலையும் குஞ்சுகளையும் உடைப்பு வழியே ஓடைக்கு இழுத்துப் போனது. அது எதிர்நீச்சல் போட்டுப் பிள்ளைகளைத் தேடியது. பாதிகூடக் கிடைக்கவில்லை. பாவம், அது யாருக்கு என்ன கெடுதல் செய்தது? நினைத்தாலே வயிறு எரிகிறது.

சேற்றின் இரு பக்கமும் எருமைகளும் எலிகளும் தாகத்தோடு நின்றன.

"நாங்க ஒப்பந்தத்தை மீறல!" என்றது கருப்பாயி.

"நாங்களும்தான் மீறல!" என்றது வரப்பன்.

எல்லாருக்கும் பொதுவானதைக் காக்கக் கூடுகிறவர்கள், அடுத்தவர்மேல் வைக்கும் கண்ணில் பாதியையாவது அந்தப் பொருளின்மேல் வைக்க வேண்டும்.